முட்டுக் கொடுத்தவர்கள்

மூச்சை உள்ளே இழுங்க, மூச்சைப் பிடிங்க என்கிறாள் காதுக்குள் ஒருத்தி. பிடித்திருக்கிறேன் அம்மிணி. இவள் நிஜ ஆள் இல்லை, பதிந்து வைத்த குரல்தான். குழாய்க்குள் தள்ளுவதற்கு முன்பே ஸ்கேன் எடுக்கிற அந்த ஜெனிபர் பொண்ணு சொல்லிவிட்டாள், ஐயா, ஒரு குரல் வருமுங்க, அது சொல்ற மாதிரி செஞ்சாப் போதும், நாப்பது நிமிசம் ஆடாம அசையாம இருக்கோணும், பயமா இருந்தா இந்தப் பந்தை அமுக்குங்க, ஓடி வந்துடறேன் என்று. ரப்பர் பந்து வலது உள்ளங்கையில் இருக்கிறது. அமுக்கமாட்டேன். நாச்சிமுத்து பயந்துபோய்ப் பந்தை அமுக்கினான் என்று வெளியே உட்கார்ந்திருக்கிற மூன்று பேருக்கும் தெரிய வேண்டியதில்லை, அவர்களுக்குத் தெரிந்ததே போதும். மூச்சு விடுங்க. விட்டாயிற்று. முப்பத்தெட்டு வருடமாக சென்ட்ரிங் வேலை செய்கிறவன், மூன்றாவது மாடிக்கு வெளியே சாரத்தில் ஒற்றைச் சவுக்குக் கம்பின் மேல் நின்றுகொண்டு டீ குடித்தவன், இந்தக் குழாய்க்கா பயப்படுவேன். ஆனால் மூக்குக்கு நாலு விரல் மேலே கூரை இருக்கிறது. இவ்வளவு தாழ்வாக எந்த மடையனும் சிலாப் போடமாட்டான். இடுப்பில் ஏதோ குறைகிறது, என்ன அது, ஆமாம், அரைஞாண் கொடி, வெள்ளி, மிசினுக்கு ஆகாதுங்க கழட்டுங்க என்று வாங்கிப் பெண்டாட்டி துளசிமணியிடம் கொடுத்துவிட்டார்கள். ஐம்பத்தொன்பது வயதில் அரைஞாண் இல்லாமல் ஒரு மணி நேரம் இருந்ததில்லை. செத்தால்தான் அதை அறுப்பார்கள். துளசி அதைக் கையில் வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கவனிக்கவில்லை என்று நினைப்பு. பத்து மாதமாகவே திருப்பிக்கொண்டுதான் இருக்கிறாள், நான்தான் கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். எனக்குத் தெரியும்டி. ஒரு மணி நேரமாகத் தெரியும். என் கல்லீரலில் இருப்பது கொழுப்பு இல்லை, புற்றுநோய். ஆவணி மாதத்தில் இருந்தே புற்றுநோய். அது பெண்டாட்டிக்குத் தெரியும், பெண்டாட்டியின் தம்பிக்குத் தெரியும், பெற்ற மகளுக்குத் தெரியும், உடம்புக்குச் சொந்தக்காரன் எனக்கு மட்டும் தெரியாது.

தெரிந்துகொண்ட விதம்தான் இன்னும் வயிற்றெரிச்சல். அவர்கள் யாரும் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று காலையில் இருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இல்லை, நீங்களாச்சும் போய் ரெண்டு இட்லி தின்னுட்டு வாங்க என்று நான்தான் மூன்று பேரையும் கேன்டீனுக்கு விரட்டினேன். பாவம், பசிக்குமே என்று. அவர்கள் படியிறங்கின அஞ்சாவது நிமிடம் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எப்போதும் மாப்பிள்ளைதான் முதலில் உள்ளே போவான், துளசியின் தம்பி ரங்கசாமி, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நீங்க உக்காருங்க மச்சான், நான் பேசிட்டு வந்து கூப்படறேன் என்று. எவ்வளவு பொறுப்பு பார், கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று வரிசையில் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். இன்றைக்கு அவன் நாற்காலியில் விட்டுப் போன ஃபைலை நானே எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். புது டாக்டர். பழையவர் வெளிநாடு போய்விட்டாராம். யாஸ்மின் என்று பெயர்ப்பலகை, எங்கள் பூர்ணிமாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, உக்காருங்கப்பா, போன ஆகஸ்ட்ல ரெண்டு சென்டிமீட்டர்தான் இருந்திருக்கு, அப்பவே வெட்டி எடுத்திருக்கலாம், இல்லே சூடு வெச்சுப் பொசுக்கியிருக்கலாம், ஏம்ப்பா வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்க என்றாள். எதுங்க என்று கேட்டேன். கட்டிதாம்ப்பா, கேன்சர் கட்டி. சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, குரல் இறங்கிப்போய், உங்களுக்குத் தெரியும்தானே என்றாள். தெரியுங்க, தெரியுங்க என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான். எந்த இன்ஜினியர் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை, பிளானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெரியுங்க சார் என்று சொல்லித்தான் முதல் வேலையையே பிடித்தேன். இப்ப எவ்வளவு இருக்குங்க என்று தெரிந்தவன் மாதிரியே கேட்டேன். போன வாரத்து ஸ்கேன்ல எட்டு என்றாள். ரெண்டு எட்டாகியிருக்கிறது. உள்ளங்கால் இரண்டும் மரத்துப்போய்விட்டது. செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது.

டக் டக் டக் டக் டக். ஆரம்பித்துவிட்டது மறுபடியும். காதுக்கு மூடி போட்டுவிட்டும் மண்டைக்குள் வந்து இடிக்கிறது. கான்கிரீட் கொட்டும்போது வைப்ரேட்டர் விடுகிற சத்தம்தான் இது, அச்சு அசல், அதைக் கேட்டுக்கொண்டே நின்றபடி தூங்கியிருக்கிறேன். அண்ணன் சென்னியப்பனும் அப்படித்தான், கலவை மிசின் பக்கத்தில் துண்டை விரித்துப் போட்டு, சரி, அண்ணன் எதற்கு இப்போது. வேண்டாம். மூச்சை இழுங்க. இழுத்துவிட்டேன். நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்லீங்களே, அப்புறம் எப்படிங்க எனக்கு ஈரல்ல என்று டாக்டரிடம் கேட்டேன், அதுதான் எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது, ஈரல் கெட்டது என்றால் குடிகாரன் என்றுதானே ஊர் சொல்லும். சர்க்கரை, கொழுப்பு, அதுவே போதும்ப்பா, வருசக்கணக்கா ஈரல் புண்ணாகிப் புண்ணாகி ஆறும் என்றாள். அப்புறம் அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். ஆவணியில் ஊசி போட்டு எடுத்த சதையைப் பெரிதாக்கின படம். கொழுப்பு எத்தனை சதவீதம்னு பாக்கறாங்க மச்சான் என்று ரங்கசாமி சொல்லி எடுத்த சதை. சிவப்புச் சிவப்பாகத் திட்டு, அதைச் சுற்றிலும் நீலமாக நார். கேன்சர் செல் மட்டும் தனியா வளந்துடாதுப்பா, சுத்தி இருக்கறது வளத்திவிடும் என்றாள். ஈரல் செல்லுக்குப் பக்கத்திலேயே துணைக்கு இன்னொரு வகை செல் இருக்கிறதாம், நட்சத்திரம் மாதிரி கை கால் நீட்டிக்கொண்டு, நாம் தின்கிற சத்தில் கொஞ்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் தூங்கிக்கொண்டே கிடக்குமாம். ஈரலில் காயம் பட்டால் அது எழுந்திருக்கும். எழுந்து வந்து நார் நாராக விட்டுக் காயத்தைக் கட்டும். நல்ல எண்ணம்தாம்ப்பா அதுக்கு, புண்ணை ஆத்தத்தான் வருது என்றாள் அந்தப் பெண், மருந்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இல்லை, ஒரு மனிதருக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி. ஆனால் காயம் நிற்காமல் பட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் நிறுத்தாமல் கட்டிக்கொண்டே இருக்குமாம், ஈரல் இறுகித் தழும்பாகிப் போகும், அந்தத் தழும்புக்குள் ஒரு செல் கெட்டுப்போனால் இதற்கு ஆள் அடையாளம் தெரியாதாம். கெட்டுப்போனதையும் நம்மாள் என்றே நினைத்து அதற்குத் தீனி கொடுக்கும், ரத்தக் குழாய்க்கு வழி விடும், சுற்றிச் சுவர் எழுப்பும். கேன்சரைக் கொல்லுவதற்கு நம் உடம்பில் இருந்தே வருகிற காவல் செல்களை அந்தச் சுவர் உள்ளே விடாது. மூச்சு விடுங்க. உள்ளே விடாது. டாக்டர் அம்மா சொல்லச் சொல்ல நான் படத்தைப் பார்க்கவே இல்லை, கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், ரங்கசாமி வந்துவிடப் போகிறான் என்று.

முட்டுக் கொடுப்பது என்னுடைய தொழில். ஈரக் கான்கிரீட்டுக்குச் சொந்தமாக நிற்கத் தெரியாது, அதற்குக் கீழே பலகை அடித்து, பலகைக்குக் கீழே கம்பு நிறுத்தி, அது தானாக நிற்கிற வரைக்கும் தாங்கிப் பிடிப்பதுதான் சென்ட்ரிங். எத்தனையோ முட்டுப் பார்த்திருக்கிறேன், கறையான் அரித்தது, நடுவில் முறிந்தது, ஒரு மழைக்கு மண்ணுக்குள் இறங்கினது. கட்டடத்தைத் தின்கிற முட்டுக் கம்பை முப்பத்தெட்டு வருடத்தில் பார்த்ததில்லை. அதை டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் ஃபைலைப் புரட்டி ஒரு தாளைக் காட்டிவிட்டாள். இங்க பாருங்கப்பா, நோயைப் பத்தி எனக்கு முழுசா எடுத்துச் சொன்னாங்க, வைத்தியம் எதுவும் வேண்டாம்னு சுயநினைவோட சொல்றேன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, செப்டம்பர் பன்னெண்டு. கீழே என் கையெழுத்து. என் கையெழுத்தேதான், நாவன்னாவின் சுழி, கடைசியில் இழுக்கிற கோடு, எல்லாம். ஆனால் நான் போடவில்லை. என் கோடு தாளை விட்டு வெளியே ஓடிவிடும், சிமெண்ட் பிடித்து விறைத்த கை, நிறுத்தத் தெரியாது. இந்தக் கோட்டின் முடிவில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. கோட்டை முடித்துப் புள்ளி வைக்கிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். எட்டாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் என் கையெழுத்தை அவளே போட்டு மாட்டிக்கொண்டாள், துளசி அடிக்கக் கை ஓங்கினாள், நான்தான் தடுத்தேன், அட விடு, எம் புள்ள என்னையாட்டவே போடுது பாரு என்று. அதோடு விட்டேனா. கம்பி லோடு வந்தால், ஜல்லி லோடு வந்தால், நான் சைட்டில் இருப்பேன், வீட்டுக்கு வருகிற சீட்டில் எல்லாம் பூர்ணிமாதான் நாச்சிமுத்து. பதினாலு வருடமாக அவள் கை எனக்கும் சேர்த்துத்தான் எழுதியது. அம்மிணி, அப்பனுக்கு ஒண்ணு போட்டுடு சாமி என்று போனில் சொல்லுவேன், போட்டாச்சுங்ப்பா என்பாள். போட்டாச்சுங்ப்பா. ஜல்லிக்குப் போட்டாள், மணலுக்குப் போட்டாள், கடைசியில் அப்பன் உயிர் வேண்டாம் என்பதற்கும் அதே கையால் ஒன்று போட்டுவிட்டாள். ரங்கசாமி போட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன், துளசி போட்டிருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். இதற்கு என்ன செய்வது. பந்து கையில் வழுக்குகிறது. வேர்வை. அமுக்கமாட்டேன்.

எதற்காக என்றும் தெரியும், தேதியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆவணியில் அவளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது, தை மாதம் கல்யாணம். பெண்ணின் அப்பனுக்குப் புற்றுநோய் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் பின்வாங்கிவிடுவார்கள், பரம்பரைச் சீக்கோ என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், ஆபரேசன் பண்ணி அதில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் வருடம் திரும்பாமல் பந்தல் போட முடியாது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். யார் சொல்லியிருப்பார்கள் அதை, எந்த அறையில் உட்கார்ந்து சொல்லியிருப்பார்கள், நான் அப்போது எங்கே இருந்தேன், பந்தல்காரனிடம் வாழை மரம் குட்டையாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். நட்சத்திரம் பார்த்து நாள் குறித்தோம், உள்ளே ஒரு நட்சத்திரம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. தாரை வார்க்கும்போது துளசியும் ரங்கசாமியும் தேம்பித் தேம்பி அழுதார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது, என் மகள் மேல் இவர்களுக்கு எவ்வளவு பாசம் என்று. இரண்டு பேரும் பூர்ணிமாவைப் பார்த்து அழவில்லை, இப்போது தெரிகிறது, ஒவ்வொரு முகமாக ஞாபகம் வருகிறது, நாலு கண்ணும் என் மேல்தான் இருந்தது. சர்க்கரை என்று பத்து வருடமாக ஜாங்கிரியைக் கண்ணில் காட்டாத துளசி அன்றைக்கு என் இலையில் அவளே இரண்டு வைத்தாள். என்ன அதிசயம் என்றேன். இன்னிக்கு ஒரு நாள் தின்னுங்க என்றாள். தின்றேனே, விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றேனே. போட்டோக்காரன் வந்து, பொண்ணோட அப்பா மட்டும் தனியா ஒண்ணுங்க என்றான். பின்னால் ரங்கசாமி நீலத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரிக்காதீங்க மச்சான், சாதாரணமா பாருங்க என்றான். ஆல்பத்தில் அந்தப் படம் இல்லையே என்று மாசியில் கேட்டதற்கு, சரியா வரலீங்க மச்சான் என்று சொல்லிவிட்டான். நன்றாகத்தான் வந்திருக்கும். எங்கேயோ பீரோவுக்குள் துணி சுற்றிப் பெரிதாகப் பிரேம் போட்டு வைத்திருப்பார்கள், மாலை போடுவதற்கு ஆணிகூட ரெடியாக இருக்கும். புது வேட்டி கட்டிக்கொண்டு போய் என் காரியத்துக்கு நானே போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஐயா, இப்ப மருந்து போகுதுங்க, கை கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும், பயப்படாதீங்க. இது ஜெனிபர், நிஜக் குரல். இடது முழங்கையில் இருந்து குளிர்ச்சி மேலே ஏறுகிறது, தோள், கழுத்து, நாக்கில் இரும்பு வாசம். கல்யாணம் தையில் முடிந்ததே, அப்புறம் ஏனடா சொல்லவில்லை. மாசி, பங்குனி, சித்திரை. மறுவீடு அழைக்க வேண்டும், சீர் கொண்டு போக வேண்டும், ஆடி வருவதற்குள் அது, இது. ஒவ்வொன்றாக முடியட்டும் முடியட்டும் என்று, இல்லை, அதுகூட இல்லை, இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நான் கேட்பேனே, அந்தப் பயம்தான். பொய்யை மூடுவதற்குப் பொய், தழும்புக்கு மேல் தழும்பு. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பாள் துளசி, கொழுப்பைக் கரைக்குமுங்க என்று. எனக்கு உடம்புல கொழுப்புப்பா என்று சைட்டில் பசங்களிடம் தொடையைத் தட்டிச் சொல்லிச் சிரித்தேனே. இப்போது வெளியே போய் என்ன செய்யப்போகிறேன். கத்தலாம். மூன்று பேரையும் இந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறிவிடலாம். இல்லை, நேராக நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்கலாம், நான் உங்களுக்கு என்னடா கெடுதல் செய்தேன் என்று. மொத்தமாகப் பிரித்துப் போட்டுவிடலாம். ஆனால் சென்ட்ரிங் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு, தோன்றின இடத்தில் சம்மட்டியைப் போடக்கூடாது. சிலாப்பாக இருந்தால் நடுவில் இருந்து ஓரத்துக்கு, வெளியே நீட்டியிருக்கிற சன்ஷேடாக இருந்தால் நுனியில் இருந்து சுவருக்கு. நடுவில் நிற்கிறவள் பூர்ணிமா. முதலில் அவளைத் தட்ட வேண்டும். டாக்டரிடம்கூடக் கேட்டேன், அந்தத் துரோகி செல்லை எல்லாம் மொத்தமா அழிச்சுட முடியாதுங்களா என்று. எல்லாமே துரோகி இல்லைப்பா, அதுலயே சிலது கட்டியைப் பரவ விடாமப் பிடிச்சு நிறுத்தவும் பாக்குது, எது வளக்குது, எது பிடிச்சு வெக்குதுன்னு முழுசா எங்களுக்கே இன்னும் தெரியலை, மொத்தமா அழிச்சா நிலைமை மோசமாகலாம் என்றாள். ரெண்டு ஊசி இருக்கிறதாம், மூணு வாரத்துக்கு ஒரு தடவை. ஒன்று கட்டிக்குப் போகிற புது ரத்தக் குழாயைத் தடுக்கும், இன்னொன்று அந்தக் காவல் செல்களைத் தட்டி எழுப்பும். முழுசா குணமாகும்னு பொய் சொல்லமாட்டேன், ஆனா நாள் கிடைக்கும்ப்பா, இன்னைக்கு ஸ்கேன்ல பெரிய குழாய்க்குள்ள இறங்காம இருந்தா நல்லாவே கிடைக்கும். முடிஞ்சதும் வாங்க, படிச்சுப் பாத்து நீங்களே கையெழுத்துப் போடணும் என்றாள். பொய் சொல்லமாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து மாதத்தில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

மூச்சை இழுங்க, பிடிங்க. பிடித்துக்கொண்டு இருக்கும்போதுதான் வருகிறான் அண்ணன். விரட்டி விரட்டிப் பார்த்தேன், மூச்சை அடக்கினால் வேறு எதையும் அடக்க முடிவதில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் வேறொரு ஆஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில், எலும்பாகிப்போன அண்ணன். நாச்சி, எனக்கு என்னடா என்று கேட்டான். அல்சர்ணா, ஒரு மாசத்துல எந்திரிச்சுருவ என்றேன். நுரையீரலில் புற்று. டாக்டர் நோயாளியிடம் சொல்லியே ஆகணும் என்றார், நான்தான் குறுக்கே விழுந்தேன், சொன்னா தாங்கமாட்டானுங்க, நாங்க பாத்துக்கறோமுங்க. நான்தான் முன்னால் ஃபைலை இடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். நான்தான். மூச்சு விடுங்க. அல்சருக்குத் தலைமுடி கொட்டுமாடா என்று கேட்டான் அண்ணன், மருந்து சூடுண்ணா என்றேன். அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை. என்னைப் பார்ப்பான், சுவரைப் பார்ப்பான். என் பொய் கெட்டுப்போகக்கூடாது என்று அவன் பார்த்துக்கொண்டான், இன்றைக்குத்தான் தெரிகிறது. தன் மகளுக்கு எழுதி வைக்க அவனிடம் ஒரு வயல் இருந்தது, அதைச் சொல்லாமலே போனான். காரியம் முடிந்து வரும்போது பூர்ணிமாதான் கார் ஓட்டினாள். பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குங்ப்பா, அவரு யாருகிட்டவும் பேச முடியாமயே செத்துட்டாரு, நாம பண்ணுனது தப்புங்ப்பா என்று சொல்லி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். நான் என்ன சொன்னேன். இழுங்க. நான் என்ன சொன்னேன். நிம்மதியாப் போனான் அம்மிணி, நாளைக்கு எனக்கே வந்தாலும் இப்படித்தான் செய்யோணும், எங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க, அப்படியே போய்ச் சேந்தர்றேன், சத்தியம் பண்ணு என்று கையை நீட்டினேன். மாட்டேனுங்ப்பா என்றாள். என் பேச்சு ஒன்று என்றால் ஒன்றுதானே, நீட்டின கையை எடுக்கவில்லை நான். அழுதுகொண்டே என் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தாள். இந்தக் கையில்தான். பந்து இருக்கிற கை. அவள் இந்தப் பத்து மாதமும் அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன பாடு பட்டாளோ. பட்டிருக்கட்டும். என் கோபம் அதனால் தீர்ந்துவிடாது, சொல்லியிருக்க வேண்டும், நான் அன்றைக்கு ஆயிரம் சொல்லியிருப்பேன், அப்பன் மடையன், அவன் பேச்சைத் தள்ளிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணா, உன்னிடம் நானும் சொல்லியிருக்க வேண்டும்.

முடிஞ்சுதுங்க ஐயா என்று ஜெனிபர் இழுக்கிறாள். வெளிச்சம். பந்தை வாங்கிக்கொண்டு, ஒரு தடவைகூட அமுக்கலை பாருங்க, தைரியசாலி நீங்க என்கிறாள். தோளைப் பிடித்து உட்கார வைத்து, உள்ளே வாங்கி வைத்திருந்த ஃபைலை என் கையில் கொடுக்கிறாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிறார்கள். ரங்கசாமியின் கண் என் முகத்தில் இல்லை, நான் பிடித்திருக்கிற ஃபைலில் இருக்கிறது, அது எப்படி என் கைக்கு வந்தது என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. துளசி ஒரு கையில் அரைஞாணைச் சுருட்டிப் பிடித்திருக்கிறாள், இன்னொரு கையில் பிளாஸ்க் மூடியில் ஊற்றின காபி. சர்க்கரை போட்டிருப்பாள், இப்போதெல்லாம் போடுகிறாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது அவளுக்கு, இதை எப்போது கவனித்தேன் கடைசியாக. ஏனுங்க, டாக்டரு உங்களைக் கூப்பிட்டாங்களாமா, என்னுங்க சொன்னாங்க என்று கேட்கிறாள். கொழுப்புதானாம் துளசி என்கிறேன், அவள் எனக்குச் சொன்ன அதே குரலில், அதே மாதிரி முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு. பத்து மாதம் அதைச் சொன்னவளுக்கு அது என்னவென்று தெரியாதா. காபி மூடி விளிம்பு தாண்டிக் கையில் ஊற்றுகிறது, சூடு அவளுக்கு உறைக்கவில்லை. அவளைத் தாண்டிச் சுவரோரம் பூர்ணிமா நிற்கிறாள், புதுத் தாலிக் கொடியைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு. இவளைத்தான் முதலில் தட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நீட்டின அதே கையை அவள் முன்னால் நீட்டுகிறேன். அடித்த சத்தியத்தைத் திருப்பிக் கேட்கிறேன் என்று நினைத்தோ என்னவோ தன் கையை எடுத்து வைக்க வருகிறாள்.

"கை வேண்டாம் அம்மிணி, பேனா குடு" என்கிறேன். "இந்தத் தடவை என் கையெழுத்தை நானே போட்டுக்கறேன்."